நான்கு சென்டிமீட்டர்

காக்கி புக்கிட், நான்காவது மாடி.
சரிவுப்பாதையில் ஏறி வரும்போதே
மிஸ்டர் கெக்கின் காருக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தது.
பெல்ட் போட்டிருந்தார். கண்ணாடியை இறக்கி
நெஞ்சின் குறுக்கே கிடந்த பட்டையைத் தூக்கிக் காட்டினார்,
குடிநுழைவு முகப்பில் கடப்பிதழ் நீட்டுகிறவர் போல.
"போட்டுத்தான் இருக்கேன். நம்பமாட்டேங்குது."

வேறொரு பட்டறையில் பக்கிளையே மாற்றியாயிற்றாம்,
முந்நூற்று எண்பது வெள்ளி.
மூன்று நாள் வாயை மூடியிருந்தது.
நான்காம் நாள் புக்கிட் தீமா ரோட்டில், மழையில், மறுபடியும்.

ஸ்கேனரைச் செருகினேன்.
ஓட்டுநர் பக்கம், பக்கிள் ஸ்விட்ச், விட்டுவிட்டுத் தொடர்பு.
அழித்தேன், போனது. கதவைச் சாத்தினேன், வந்தது.
ரோஸ்லி எட்டிப் பார்த்து, "கம்ப்யூட்டரை மாத்திடு" என்றான்.
விளக்கு எரிந்தால் விளக்கையும் மாற்றச் சொல்வான்.

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி
மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும்.
பட்டையை வெடுக்கென்று இழுக்கும் அந்தச் சின்னக் குழாயில்
வெடிமருந்து இருக்கிறது.
மஞ்சள் இணைப்பில் மீட்டர் முனை படக்கூடாது;
மீட்டருக்குள் ஓடும் துளிக் கரண்டே
அதற்கு ஒரு விபத்து.
அந்த மூன்று நிமிடமும் மிஸ்டர் கெக்
பொட்டலத்துக் கோப்பி ஓவை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.
இஸ்திரி மடிப்புக் கலையாத நீலச் சட்டை,
கழுத்தில் அலுவலக நாடா.
செவ்வாய்க்கிழமை. மணி பதினொன்றரை.

பக்கிளில் குற்றமில்லை.
செருகினால் நானூறு ஓம், எடுத்தால் நூறு, சொன்ன பேச்சுக் கேட்டது.
தரைப்பக்க இணைப்பிலிருந்து மறுபடி அளந்தேன்.
இருக்கையை முன்னால் தள்ளினேன். நானூறு.
பின்னால். நானூறு.
இன்னும் பின்னால், தண்டவாளத்தின் கடைசிப் பல் வரைக்கும்.
மீட்டர் எண்ணைக் கைவிட்டது.

மல்லாந்து தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்தேன்.
வண்டி ஓட்டுகிறவர்கள்
இருக்கையை ஒருமுறை வைத்தால் வருடக்கணக்கில் மறந்துவிடுவார்கள்.
ரயில் முழுக்கத் தூசியும் கிரீஸும் இறுகிக் கிடக்கும்.
இது பின்பாதி வரைக்கும் பளபளத்தது,
தினமும் யாரோ துடைத்ததைப் போல.
அங்கேதான் கம்பிக்கட்டு மடிந்து, நிமிர்ந்து,
மடிந்து, தோல் உரிந்து,
இரண்டு செப்பு இழை மட்டும் கை கோத்துக்கொண்டிருந்தன.
பக்கத்தில் ஒரு பத்துக் காசு.
ஆரஞ்சு நிறத்தில் ஒற்றைக் காதடைப்பான்.
கழுத்துக்கு வைக்கிற குட்டித் தலையணை,
எச்சில் காய்ந்த தடத்தோடு.

என்ன கிடைத்தது என்று அவர் குனிந்தார்.
நாடா என் முகத்துக்கு மேல் ஊசலாடியது.
பிளாஸ்டிக் உறைக்குள் அட்டை இல்லை,
நாலாய் மடித்த பத்து வெள்ளி நோட்டு.

"ஏன் இப்படி ஆச்சு?"

"வயர் நீளம் பத்தலை" என்றேன்.
"கம்பெனிக்காரன் கஞ்சத்தனம்."
அவர் மூச்சு விட்டது மாதிரி இருந்தது. மின்விசிறியாகவும் இருக்கலாம்.

கெட்டதை வெட்டி, புதுக்கம்பி கோத்து, கிரிம்ப் அடித்து,
சுருங்கும் குழாய்க்குச் சூடு காட்டி
நான்கு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டேன்.
பிறகு இருக்கையைக் கடைசிப் பல்லுக்கும் முதல் பல்லுக்கும்
இருபது தடவை இழுத்தடித்தேன்.
பத்துப் போதும். இருபது தடவை.
பேட்டரி மாட்டினேன்.
சிவப்பு விளக்கு ஆறு நொடி எரிந்து யோசித்துவிட்டு அணைந்தது.

அறுபது வெள்ளி. தலையணையை
இருந்த இடத்திலேயே வைத்திருந்தேன்.
"சீட் எவ்வளவு தூரத்துல இருக்கணும்?" என்று கேட்டேன்.
ஒரு கணம் அவருக்குத் தெரியவில்லை.
"நீயே வை."
கால் பெடலுக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தேன்.

கார் சரிவில் இறங்கியது, ஒரு வளைவு, இன்னொரு வளைவு.
மணி அடிக்கவில்லை.
"என்னவாம்?" என்றான் ரோஸ்லி.
வயர், என்றேன்.